பார்த்திப வருஷம் மாசி மாதம்: முடோன் பக்கத்தில் ஒரு கல்லறை. இவர் பட்டாளத்துக்காரரா?

முடோன் பேத்தி:
எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் பர்மாவில் மோல்மீனுக்குத் தெற்கே, முடோன் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்து ஊர். வேலை ரங்கூனில். ஊர் இடுகாட்டில் எங்கள் தாத்தாவுடைய அண்ணன் (எங்களுக்குப் பெரிய தாத்தா) கல்லறை இருக்கிறது. அவர் மிலிட்டரியில் இருந்தார், ஜப்பான்காரன் காலத்தில் செத்துப்போனார் என்று பாட்டி சொல்லும். அதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. போட்டோ, மெடல், காகிதம் ஒன்றும் கிடையாது.

கல் சிமெண்ட் பலகைதான். ஈரம் காயும் முன் ஆணியால் கீறின எழுத்து மாதிரி இருக்கிறது. மேலே சிவமயம். அடுத்து தஞ்சாவூர் ஜில்லா, பட்டுக்கோட்டை தாலுகா, ஏதோ ஒரு கிராமம். ஊர்ப்பேரில் முதல் எழுத்து 'அ' போலத் தெரிகிறது, மிச்சம் பெயர்ந்துவிட்டது. பிறகு இன்னார் குமாரர் இன்னார் என்று இரண்டு பேர், இரண்டாவது '...சாமி' என்று முடிகிறது. பிறகு 'பார்த்திப', பக்கத்தில் ஒரு சுழி, 'மாசி', இன்னொரு சுழி, இரண்டு கிறுக்கல், மூன்றாவது சுழி. கடைசியில் 'பயனீர் நெ.' என்று போட்டு நாலு இலக்கம், அதில் மூன்றாவது இல்லை.

நெ. என்றால் நம்பர் என்று தெரிகிறது. மற்றதற்கு யாராவது உதவுங்கள்.

பெகு வாத்தியார்:
பாப்பா, நீ சுழி என்கிறாயே, அவை ௵, ௴, ௳. முறையே வருஷம், மாதம், தேதி. அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைகள் கைக்கு இது பழக்கம். கிறுக்கல் இரண்டும் எண்ணாகத்தான் இருக்கும். ௰௪ போல இருக்கிறதா பார். அப்படியானால் 14.

இப்போது கணக்கு. அறுபது வருஷச் சுற்றில் பார்த்திப வருஷம் 1945 சித்திரையில் பிறந்தது. பலபேர் அதோடு நிறுத்தி 1945 என்று எழுதிக்கொள்வார்கள். மாசி வருவது வருஷக் கடைசியில், அதற்குள் இங்கிலீஷ் வருஷம் மாறிவிடும். ஆகவே அவர் காலமானது 1946 பிப்ரவரிக் கடைசி வாரம்.

இன்னொரு விஷயமும் உண்டு. அதற்கு முந்தின பார்த்திப 1885. அந்த வருஷம் நவம்பரில்தான் பர்மா ராஜாவின் தலைநகரான மாந்தளை பிரிட்டிஷாரிடம் விழுந்தது. அந்தச் சண்டைக்கு வந்த மதராஸ் பட்டாளங்களில் பயனீர் பட்டாளமும் ஒன்று. வெறும் கல்லை மட்டும் வைத்துக்கொண்டு இருந்தால் 1886 மாசியா, 1946 மாசியா என்று தீர்மானிக்க முடியாது. உன் பாட்டிக்கு அவர் மைத்துனர் என்பதால்தான் 1946 என்று அடித்துச் சொல்கிறேன். அந்தப் பழைய மதராஸ் பயனீர் 1933இல் கலைக்கப்பட்டது. உன் பெரிய தாத்தாவுடையது இரண்டாம் உலகப்போரில் திரட்டிய இந்தியன் பயனீர் கோர் என்ற படைப்பிரிவாக இருக்க வேண்டும். ரோடு போடுவது, பாலம் கட்டுவது, கப்பலில் சரக்கு இறக்குவது அவர்கள் வேலை. நம் ஜனங்கள் அதில் ஏராளம்.

முடோன் பேத்தி:
ஐயா, ரொம்ப நன்றி. இரண்டாவது கிறுக்கல் 'ச' மாதிரி வளைந்திருக்கிறது, ௪ஆகத்தான் இருக்கும். ஆனால் ஒரு சந்தேகம். 1946 என்றால் ஜப்பான்காரன் ஏற்கெனவே போய்விட்டானே? பாட்டி ஜப்பான் காலம் என்றுதான் அடித்துச் சொல்கிறது.

தௌக்சான் டிரைவர்:
தங்கச்சி, நான் ரங்கூனில் டாக்ஸி ஓட்டுகிறேன். வெள்ளைக்காரர்களை ரங்கூன் பக்கத்துத் தௌக்சான் போர்க்கல்லறைக்கு அழைத்துப் போய்ப் போய் அந்த இடம் எனக்கு மனப்பாடம். உனக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன்.

அங்கே மூன்று வகை. ஒன்று, புதைத்த கல்லறைகள், 6,374. அக்யாப், மாந்தளை, மெய்க்டிலா, சமோ ஆகிய இடங்களிலிருந்து எடுத்து வந்து 1951இலிருந்து வைத்தது. இரண்டு, நடுவில் நிற்கிற பெரிய தூண் மண்டபம். உடல் கிடைக்காத சுமார் 27,000 பேருடைய பெயர்கள் அதில். பெரும்பாலும் இந்தியர்கள். மூன்றாவது தனியாக ஒரு சின்ன நினைவுச் சின்னம், மதப்படி எரித்த இந்துக்கள், சீக்கியர்களுக்கு, ஆயிரத்துச் சொச்சம் பெயர். நம் ஆட்கள் நேரே கல்லறை வரிசைக்குப் போய்த் தேடிவிட்டு, 'ஒரு தமிழன் பேரும் இல்லையே' என்று திரும்பிவிடுவார்கள். தூணில் பார்க்க வேண்டும்.

தூணில் தேட முதலில் முகம் எண் வேண்டும், அதாவது பேர் எந்தப் பக்கத்தில் வெட்டியிருக்கிறது என்கிற எண். காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பேர் போட்டால் 'இத்தனையாவது முகம்' என்று வரும். வாசலில் பதிவேடும் உண்டு. சாமி என்பதை ஸ்வாமி, ஸாமி, சாவ்மி என்று வெள்ளைக்கார குமாஸ்தா எப்படி எல்லாம் எழுதியிருப்பானோ அப்படி எல்லாம் போட்டுப் பார். அதைவிட நல்ல வழி, பேரை விட்டுவிட்டு ஊரைப் பிடிப்பது. இந்திய சிப்பாய்களுக்குக் 'கூடுதல் விவரம்' என்ற இடத்தில் தகப்பன் பேர், மனைவி பேர், கிராமம், ஜில்லா போட்டிருப்பார்கள். தஞ்சாவூர் ஜில்லா, பயனீர் கோர், 1946 ஜனவரி முதல் மார்ச் வரை என்று வடிகட்டு.

வியாசர்பாடி பர்மாக்காரன்:
அந்த மண்டபத்துல 'எல்லா சுதந்திர மனிதருக்காகவும் இறந்தார்கள்'னு இங்கிலீஷ், பர்மீஸ், இந்தி, உருது, குர்முகி அஞ்சு எழுத்துல வெட்டி வச்சிருக்கான். தமிழ் இருக்கா டிரைவர் தம்பி? இல்ல. செத்தவன்ல எத்தன பேர் மதராஸ் சாப்பர் (பட்டாளத்து இன்ஜினீயர் பிரிவு), எத்தன பேர் பயனீர்னு ஊருக்கே தெரியும்.

சரி, அது என் வயித்தெரிச்சல். இந்தப் பொண்ணு கேட்டதுக்கு வரேன். பாட்டி சொன்னதுல பொய் இல்லம்மா. உங்க பெரிய தாத்தா ஜப்பான் காலத்துல 'போயிட்டார்'னு யாரோ பாட்டிகிட்ட சொல்லியிருப்பாங்க. போயிட்டார்னா செத்துட்டார்னு வீட்ல அர்த்தம் ஆகிப்போச்சு. நான் நினைக்கறது இது. 1942 ஜனவரி 31ல மோல்மீன் விழுந்துது, மார்ச் 8ல ரங்கூன். நம்ம ஜனம் லட்சக்கணக்குல நடந்தே இந்தியாவுக்குக் கிளம்புச்சு. டவுங்கப் கணவாய் வழியா அரக்கானுக்கு, டாமு வழியா மணிப்பூருக்கு, இன்னும் வடக்க ஹுகாங் பள்ளத்தாக்கு வழியா. எங்க அப்பா டாமு வழியா போனவர், கூடப் போன தம்பி வழியிலயே பேதியில போயிட்டாரு. உயிரோட போய்ச் சேர்ந்தவனுக்கு அங்க சோறு ஏது? பட்டாளத்துல ஆள் எடுத்தான், சேர்ந்தான். 1945ல அதே பட்டாளத்தோட திரும்பி வந்தான். உங்க பெரிய தாத்தா நடந்து போய், யூனிஃபாரம் போட்டுத் திரும்பி வந்து, தம்பி குடும்பத்தைப் பார்த்துட்டு அங்கயே கண்ண மூடியிருக்கலாம்.

பெகு வாத்தியார்:
பொருந்துகிற கதைதான். ஆனால் அது கதை. பொருந்துகிறது என்பதற்காக நடந்தது என்று எழுதிக்கொள்ளக் கூடாது. பர்மாவுக்குள்ளேயே திரும்பி வந்த பிரிட்டிஷ் பட்டாளம் கூலிக்கு ஆள் எடுத்ததும் உண்டு. அவர் இந்த ஊரை விட்டே போகாமல் இருந்திருக்கலாம்.

வியாசர்பாடி பர்மாக்காரன்:
வாத்தியாரே, நான் 'இருக்கலாம்'னுதானே போட்டேன்.

பேராக் தோட்டத்தான்:
மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். முடோனிலிருந்து இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் தன்பியூசயாட். ஜப்பான்காரன் போர்க்கைதிகளையும் கூலிகளையும் வைத்துப் போட்ட சயாம் மரண ரயில்பாதை வந்து சேர்ந்த முனை. என் தாத்தாவின் தம்பியைத் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் அந்தப் பாதையில் போட்டார்கள். எந்த முகாம் என்றுகூடத் தெரியாது.

தன்பியூசயாட் போர்க்கல்லறைக்கு ஒருமுறை வந்திருக்கிறேன். 3,149 காமன்வெல்த் வீரர்கள், 621 டச்சுக்காரர்கள். தாழ்வான பீடத்தின் மேல் வெண்கலத் தகடு, வரிசை வரிசையாக, நடுவில் வெட்டிவிட்ட புல். நான் ஒவ்வொரு தகடாகப் படித்துக்கொண்டே போனேன். இருபத்திரண்டு வயது, இருபத்துநாலு வயது. அந்தப் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தப் பாதையில் கைதிகள் சுமார் 13,000 பேர் செத்தார்கள் என்றால், மலாயாவிலும் ஜாவாவிலும் சயாமிலும் பர்மாவிலும் பிடித்த கூலிகள் 80,000 முதல் ஒரு லட்சம் வரை என்று அதே ஆணையமே சொல்கிறது. கைதி செத்தால் அவன் கூட்டாளி குறித்து வைத்தான், அதிகாரி பட்டியல் வைத்தான், பின்னால் எலும்பைத் தேடி எடுத்து வந்தார்கள். கூலிக்குப் பட்டியல் வைக்க யார் இருந்தார்கள்? காலராக் கொட்டகையில் கிடந்தவனைக் குழியில் தள்ளி மூடினார்கள். 2023இல் காஞ்சனபுரியில் நம்மவர்கள் ஒரு நடுகல் எழுப்பினார்கள். அதுவரை நாங்கள் போய்க் கைகூப்ப ஓர் இடம் எனக்குத் தெரியாது.

தங்கையே, உங்களுக்குக் கல் இருக்கிறது, தேதி இருக்கிறது, தாலுகா இருக்கிறது. விடாமல் தேடுங்கள்.

சிரியம் சின்னவன்:
ஒரு கேள்வி. எல்லோரும் வெள்ளைக்காரன் பதிவேட்டிலேயே தேடுகிறீர்களே, இவர் ஏன் நேதாஜி படையில் இருந்திருக்கக் கூடாது? 1944 ஜனவரியில் ஐ.என்.ஏ. தலைமையகமே ரங்கூனுக்கு வந்துவிட்டது. பர்மாத் தமிழர், மலாயாத் தமிழர் எத்தனை பேர் சேர்ந்தார்கள்!

வியாசர்பாடி பர்மாக்காரன்:
ஐ.என்.ஏ.காரன் கல்லுல பயனீர்னு எதுக்குப்பா எழுதப்போறான்?

பெகு வாத்தியார்:
சின்னவன் கேட்டதில் தப்பில்லை. ஆனால் வியாசர்பாடியார் சொல்வதுதான் சரி. ஐ.என்.ஏ.வில் மாண்டவர்களுக்கு அரசாங்கக் கல்லறை என்று இந்த நாட்டில் எதுவும் கிடையாது. சிங்கப்பூரில் நேதாஜி அடிக்கல் நாட்டிக் கட்டிய நினைவுச் சின்னத்தையே 1945இல் பிரிட்டிஷார் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்தக் குடும்பங்கள் தேட வேண்டிய இடங்கள் வேறு. அதற்குத் தனி இழை தொடங்கு, நானும் வருகிறேன்.

முடோன் பேத்தி:
தளத்தில் தேடினேன். பயனீர் கோர், '...சாமி', 1946 தொடக்கம் என்று ஓர் ஆள் கிடைத்தார்! எரித்தோர் நினைவுச் சின்னத்தில் பேர் இருக்கிறது. ஆனால் ஜில்லா வட ஆர்க்காடு என்று இருக்கிறது. தகப்பன் பேரும் கல்லில் தெரிகிற முதல் எழுத்தோடு ஒட்டவில்லை. தேதியும் இரண்டு வாரம் தள்ளி. குமாஸ்தா தப்பாக எழுதியிருப்பானோ?

பெகு வாத்தியார்:
வேண்டாம் பாப்பா. பேர் பாதி ஒட்டுகிறது, தகப்பன் ஒட்டவில்லை, ஜில்லா ஒட்டவில்லை, தேதி ஒட்டவில்லை. அவர் வேறு ஒரு வீட்டுப் பிள்ளை. வேலூர்ப் பக்கத்தில் அவரைத் தேடுகிற பேத்தி ஒருத்தி இருப்பாள். மேலும் அவர் எரிக்கப்பட்டவர், உன் பெரிய தாத்தா புதைக்கப்பட்டவர்.

தௌக்சான் டிரைவர்:
வாத்தியார் ஐயா சொல்வது நியாயம். இப்படிப் பாதிப் பொருத்தத்தை வைத்துக்கொண்டு தூணில் மாலை போட்டுவிட்டுப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒன்று சொல்ல மறந்தேன். ஆணையம் எடுத்துக்கொள்கிற காலம் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. சண்டை முடிந்த பிறகு நோயில் செத்தாலும், லாரி கவிழ்ந்து செத்தாலும், அன்றைக்குப் பட்டாளத்தில் இருந்தவர் என்றால் கணக்கில் வருவார். அதனால் 1946 என்பது தடை இல்லை. பெயர் விட்டுப்போயிருந்தால் ஆதாரம் காட்டிச் சேர்க்கச் சொல்லியும் எழுதலாம். ஆனால் மரணத்துக்கு முன்பே டிஸ்சார்ஜ் ஆகியிருந்தால், படையில் பட்ட காயத்தாலோ நோயாலோதான் இறந்தார் என்று காட்ட வேண்டும். அது கஷ்டம்.

சிரியம் சின்னவன்:
கல்லில் எழுத்து தெரியவில்லை என்றால் விபூதியைத் தண்ணீரில் குழைத்துத் தடவித் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளையாக நிற்கும். எங்கள் குலசாமி கோயில் கல்வெட்டை அப்படித்தான் படித்தோம்.

பெகு வாத்தியார்:
கருங்கல் தாங்கும். ஆணியால் கீறிய சிமெண்ட் தாங்காது. விபூதி, சாக்பீஸ், மாவு எதுவும் வேண்டாம். கம்பி பிரஷ் கூடவே கூடாது. ஊரில் வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்கிறோமே, அந்தப் பக்திதான் பாதி எழுத்தைத் தின்றது. பாசி இருந்தால் வெறும் தண்ணீர், பழைய பல் பிரஷ், பொறுமை. பிறகு சாயங்காலம் இருட்டினதும் ஒரு டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடி. நேரே அடிக்காதே. கீறலின் ஓரத்தில் நிழல் விழும். டார்ச்சை இடது, வலது, கீழே என்று மாற்றி மாற்றிப் போட்டோ எடு. பகலில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து போட்டோவில் எழும்பி வரும்.

இன்னொரு யோசனை, இது கல் இல்லாதவர்களுக்கும் உதவும். மோல்மீன் பழைய வெள்ளைக்காரக் கல்லறைகளையும் வெறுமனே கடந்து போகாதீர்கள். முதல் பர்மா சண்டையை முடித்த 1826 யாண்டபோ ஒப்பந்தத்துக்குப் பிறகு தெனாசரிம் (மோல்மீன் பக்கத்துத் தெற்குக் கரை) பிரிட்டிஷார் கைக்கு வந்து, மதராஸ் பட்டாளங்கள் மோல்மீனில் மாறி மாறி முகாம் போட்டன. சிப்பாய்க்குக் கல் இல்லை, ஆனால் அவனுடைய கேப்டனுக்கு இருக்கும். 'மதராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி, இத்தனாவது ரெஜிமெண்ட்' என்று வருஷத்தோடு வெட்டியிருப்பார்கள். அந்த வருஷம் அந்த ரெஜிமெண்ட் இங்கே இருந்தது என்பதற்கு அது சாட்சி. எங்கள் பூட்டனார் எந்தப் பட்டாளத்தோடு வந்தார் என்பதை ஒரு லெப்டினன்ட் மனைவியின் கல்லறையை வைத்துத்தான் நான் ஊகித்தேன். தயெட்மியோவிலும் அப்படிப்பட்ட கற்கள் உண்டு. 1852க்குப் பிறகு அது எல்லைக் கண்டோன்மெண்ட். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் என்றால் இன்னும் சுலபம். கோயில் பதிவேட்டில் புதைத்த தேதி, தொழில் எல்லாம் இருக்கும்.

முடோன் பேத்தி:
ஐயா, தம்பியை ஊருக்கு அனுப்பி டார்ச் வைத்து எடுக்கச் சொன்னேன். கேமராவோடு சுற்றுவதைப் பார்த்து யாராவது கேட்பார்களோ என்று பயந்து, ஊர்ப் பெரியவர் ஒருத்தரையும் அழைத்துக்கொண்டு போனான். பலகையின் அடி மண்ணில் புதைந்திருந்தது. கையால் மண்ணை விலக்கினால் கீழே இன்னொரு வரி: '14_7 கம்பெனி சினேகிதர்கள் உபயம்'. மேலே நெ. என்று இருக்கிற அதே நாலு இலக்கம்! இங்கேயும் மூன்றாவது இலக்கம் சரியாக விழவில்லை. 3 அல்லது 8.

பெகு வாத்தியார்:
பேஷ்! பாப்பா, அப்படியானால் அது அவருடைய சொந்த நம்பர் இல்லை. பயனீர் கம்பெனிகளுக்கு நாலு இலக்க எண் உண்டு. 'பயனீர் நெ.' என்பது கம்பெனி நம்பர். சினேகிதர்கள் பணம் போட்டுக் கல் வைத்திருக்கிறார்கள் என்றால் கம்பெனி கலையாமல் பக்கத்திலேயே இருந்த காலத்தில் செத்திருக்கிறார். வீட்டு ஆள் வைத்த கல்லாக இருந்தால் தேதி ஞாபகத்திலிருந்து எழுதியது என்று சந்தேகப்பட இடம் உண்டு. கூட இருந்தவர்கள் வைத்ததால் தேதியையும் நம்பலாம். டிஸ்சார்ஜ் ஆகாதவர் என்பதற்கும் இதுதான் உன்னிடம் உள்ள நல்ல ஆதாரம். நிரூபணம் என்று சொல்லமாட்டேன்.

வியாசர்பாடி பர்மாக்காரன்:
பார்த்தியா, சினேகிதனுங்க. நான் சொன்ன கதைக்குக் கொஞ்சம் பலம் வந்துடுச்சு.

சரி, இனிமே வேலை என்னோடது. பயனீர் கோர் மையம் பெங்களூர்லதான் இருக்கு. கம்பெனி நம்பர், தேதி, ஜில்லா மூணையும் போட்டு ஒரு கடுதாசி அனுப்பலாம். 1437, 1487 ரெண்டையும் எழுதிடு. பதில் வந்தா வரட்டும். அதை மட்டும் நம்பி உக்காராம, தஞ்சாவூர்ல முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கு, என் மச்சான் அங்க பக்கத்துலதான் குடியிருக்கான், விசாரிக்கச் சொல்றேன். குடும்ப பென்ஷன் யாருக்காவது போயிருந்தா தடம் கிடைக்கும். அவருக்கு ஊர்ல பொண்டாட்டி இருந்துச்சான்னு பாட்டிகிட்ட நைசா கேளு. நேரா கேக்காத.

தௌக்சான் டிரைவர்:
தங்கச்சி, நானும் இரண்டு கம்பெனி நம்பரையும் குறித்துக்கொண்டேன். ஆணையத்தின் பதிவில் வெறும் 'இந்தியன் பயனீர் கோர்' என்றுதான் பெரும்பாலும் போட்டிருப்பான், கம்பெனி வராது. ஆனாலும் அந்தப் பிப்ரவரியில் தஞ்சாவூர் ஜில்லாக்காரர் யார் யார் என்று ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிடுகிறேன். சாமி என்று முடியாவிட்டாலும் பார்க்கிறேன். பட்டாளத்தில் சேரும்போது வேறு பேர் கொடுத்தவர்களும் உண்டு.

முடோன் பேத்தி:
பாட்டியிடம் கேட்டேன். 'அவளா? அவ பட்டுக்கோட்டையிலயே நின்னுட்டா'ன்னு சொல்லிட்டு எழுந்து போய்விட்டது. அப்படி ஒருத்தர் இருந்ததே எங்களுக்கு இப்போதுதான் தெரியும்.

வியாசர்பாடி பர்மாக்காரன்:
அடி சக்கை. அப்போ பென்ஷன் தடம் கட்டாயம் பாக்கணும். ஊர்ப்பேரோட முதல் எழுத்து 'அ'வா 'ஆ'வான்னு தம்பிய இன்னொரு தடவ டார்ச் அடிச்சுப் பாக்கச் சொல்லு. அத்திவெட்டியும் இருக்கு, ஆலத்தூரும் இருக்கு. அந்தக் காலத்துல பேராவூரணி தனித் தாலுகா இல்ல, அந்தப் பக்கத்து ஆவணம்கூட பட்டுக்கோட்டைத் தாலுகாவுலதான் வரும்.